கொடுக்காத இளநீர்

என் வீட்டுக்காரர் ஏழு மாதம் கழித்து என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு இளநீர். நாற்பது காசு. நான் கொடுக்கவில்லை.

மரக்காணத்தில் போய் அமராவதி என்று கேட்டுப் பாருங்கள். எந்த அமராவதி என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். சாகக் கிடந்த புருஷனுக்கு இளநீர் கொடுக்காதவளா என்பார்கள். நான்கு வருஷமாக அந்தப் பேரோடுதான் இருக்கிறேன். என் வாய்க்கு ஊரே கொஞ்சம் பயப்படும். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிறவள் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் மட்டும் யாருக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. என் மாமியார் கொளஞ்சியம்மாள் போன தை மாதம் கண்ணை மூடிவிட்டாள். இனிமேல் சொன்னால் அவள் காதில் விழாது. அதனால் சொல்கிறேன்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் ஆரம்பித்தது இது. நானும் என் வீட்டுக்காரர் மாயவனும் உப்பளத்தில் ஜோடியாக வேலை பார்த்தோம். அவர் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி ஓரத்தில் ஒதுக்குவார். நான் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டுபோய் மேட்டில் கொட்டுவேன். ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது, நான் கொண்டுபோன மீன் குழம்பை ஒரு வாய் வைத்தவர், "உப்பளத்துல வேலை செய்யறா, குழம்புக்கு உப்பு போடத் தெரியல பாரு" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டுச் சோற்றை அப்படியே கவிழ்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னது உண்மைதான், அன்றைக்கு உப்பு போட மறந்திருந்தேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. குழம்புச் சட்டியை அவர் காலடியில் போட்டு உடைத்தேன். கூடையை அங்கேயே விட்டுவிட்டு, கட்டின புடவையோடு கிளியனூரில் இருக்கிற அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. அவரே வந்து, வாயைத் திறந்து, வாடி என்று கூப்பிட்டால் ஒழிய அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். சொன்ன அன்றைக்கே ஏன் சொன்னோம் என்று இருந்தது. அங்கே அவரும் தன் பங்குக்கு, போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு பேருக்கும் வீம்பு. வீம்பில் நாங்கள் நல்ல பொருத்தம்.

எனக்கு அவர் வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவர் குதிகால் வெடித்துப் போயிருக்கும். சாயங்காலம் நான்தான் அதில் விளக்கெண்ணெய் தடவிவிடுவேன். அவர் கூசுகிறது என்று காலை இழுத்துக்கொள்வார், நான் காலில் ஒரு அடி போட்டுத் திரும்பவும் இழுத்துவைப்பேன். இப்போது யார் தடவுகிறார்கள் என்று நினைத்தால் சோறு இறங்காது. அம்மா வீட்டில் எனக்குத் தனிப் பாய் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஓரமாகவே படுத்துப் பழகிப்போயிருந்தேன்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியாகப் பாண்டிக்குப் போகிற உப்பு லாரி கிளியனூரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை தற்செயலாகப் பார்க்கிறேன், லாரியில் மூட்டைகளின் மேல் அவர் உட்கார்ந்து போகிறார். லோடு இறக்குகிற ஆளாகப் போகிறார் போல. அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்குப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி போய் நிற்பேன். கையில் ஒரு பை வேறு. லாரி வரும். அவர் பார்ப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். லாரி போய்விடும். நான் வெறும் பையோடு வீட்டுக்கு வருவேன். பொங்கலுக்காவது வருவார் என்று தலைக்குக் குளித்து, பூ வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் வரவில்லை.

மாசி மாதம் நான் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணன் வரப்பில் வந்து நின்றார். எங்களோடு உப்பளத்தில் வேலை செய்கிறவர், மாதா கோயில் தெருக்காரர், நிதானமான மனுஷன். அவர் நின்ற விதத்திலேயே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"மாயவனப் பாம்பு கடிச்சிடுச்சும்மா. பாண்டியில பெரிய ஆஸ்பத்திரியில சேத்துட்டு நேரா இங்கதான் வர்றேன்" என்றார்.

"இன்னா பாம்பு?"

"கடல்பாம்பு. அதனாலதாம்மா எல்லாரும் ஏமாந்துட்டோம்."

நல்லபாம்பு என்றால் எங்கள் பக்கத்தில் ஊரே கூடிவிடும். கடல்பாம்பு என்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வலையில் சிக்கினால் வாலைப் பிடித்துத் தூக்கி வீசுவார்கள். அது கடிக்காது, கடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. புதுப் பருவத்துக்காக உப்பங்கழியிலிருந்து அளத்துக்குத் தண்ணீர் விட மதகைத் திறந்திருக்கிறார்கள். பாசி அடைத்துக்கொண்டிருக்கிறது. இவர் கையை விட்டு இழுத்திருக்கிறார். மணிக்கட்டில் முள் குத்தின மாதிரி இரண்டு புள்ளி. வலி இல்லை, வீக்கம் இல்லை. பாம்பைக் கழியில் வீசி எறிந்துவிட்டு, சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்திருக்கிறார்.

"மத்தியானமே கழுத்து புடிச்சிக்கிச்சு, தொடை வலிக்குதுன்னான். முதல் நாள் வேலை, அதான் வலின்னு நெனச்சோம். பொழுது போனதும் வாயைத் தொறக்க முடியல. காலையில பாத்தா மூத்திரம் கடுங்காப்பி கலர்ல போவுது. அப்பதான் தூக்கி லாரியில போட்டோம்" என்றார் சவரிமுத்து அண்ணன்.

"என்னக் கூப்பிடச் சொன்னாரா?" என்று கேட்டேன். பாருங்கள், அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

சவரிமுத்து அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அவனுக்குப் பேச்சே சரியா வரலம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இமை பாதி தொங்கிக்கிடந்தது. மூட்டை தூக்குகிற உடம்பு, கையைத் தொட்டாலே வலியில் முனகுகிறது. கட்டில் பக்கத்தில் என் மாமியார் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். புருஷன் கடலில் போனபின் கூடை சுமந்து இந்த ஒரு பிள்ளையை வளர்த்தவள். அவருக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவளுக்குக் காய்ச்சல் வரும்.

"வந்துட்டியா மகராசி? ஏழு மாசமா நெனப்பு வரல, இப்ப வந்துடுச்சா?" என்றாள்.

நான் கட்டில் ஓரமாகப் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அது போதும் போல இருந்தது.

வார்டு நர்ஸ் பெயர் ஞானமேரி. பொம்மையார்பாளையத்துக்காரர். இவருக்கு மனைவி யார் என்று கேட்டு, என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோனார். கையில் நீளமாக ஒரு காகிதம் வைத்திருந்தார். மார்பில் ஒயரை ஒட்டி மிஷினில் எடுத்தது, இருதயம் எப்படித் துடிக்கிறது என்று இதில் தெரியும் என்றார்.

"நல்லா கேட்டுக்கோங்க. இந்தப் பாம்போட விஷம் சதையைக் கரைக்குது. அதான் கலர் அப்படிப் போச்சு. சதைக்குள்ள பொட்டாசியம்னு ஒண்ணு இருக்குது. சதைக்குள்ள இருக்கிற வரைக்கும் நல்லது. கரைஞ்சு ரத்தத்துல கலந்துட்டா நேரா இருதயத்தத்தான் புடிக்கும். சாதாரணமா மூத்திரத்துல வெளிய போயிடும். இவருக்கு இங்க வந்ததுலருந்து மூத்திரமே இறங்கல. அளவு ஏறிச்சுன்னா இருதயம் அப்படியே நின்னுடும், முன்னால சொல்லிட்டெல்லாம் நிக்காது. இங்க பாருங்க."

காகிதத்தில் கோடு வரிசையாகக் கூம்பு கூம்பாக நின்றது. அளத்து மேட்டில் உப்பைக் குவித்து வைத்த மாதிரி இருந்தது. இந்தக் கூம்பு தணியவேண்டும், ஊசி போட்டுத் தணிக்கப் பார்க்கிறோம், இன்னும் இரண்டு மூன்று நாளில் மூத்திரம் இறங்கிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார்.

"அதுவரைக்கும் நாங்க குடுக்கிறதத் தவிர எதுவும் வாயில போடக் கூடாது. முக்கியமா இளநீர். இளநீர்ல அந்தப் பொட்டாசியம் ரொம்ப அதிகம். வாழைப்பழமும் கூடாது. அந்தப் பெரியம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். தலைய ஆட்டுறாங்க, காதுல வாங்கல. நீங்கதான் பாத்துக்கணும்."

நர்ஸ் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானே வாசல் கடையில் நாலு இளநீர் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மூத்திரம் கட்டினவனுக்கு எங்கள் ஊரில் வேறு என்ன கொடுப்பார்கள்?

நான் திரும்பப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. தண்ணீர்கூட அவுன்ஸ் கிளாஸில் அளந்துதான் கொடுத்தார்கள். விரலை அசைத்து என்னைக் குனியச் சொன்னார். ஏழு மாதம் கழித்து அவர் மூச்சு என் காதில் பட்டது. இப்போது கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"எள... நீர்" என்றார். தாடை திறக்காமல் பல் இடுக்கிலிருந்து வந்தது.

"வேணாம்" என்றேன்.

திரும்பவும் கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். நர்ஸ் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி, திக்கித் திணறி, பொட்டாசியத்தின் பேரைக்கூடத் தப்பாகச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாத மனுஷன், கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியார் எழுந்து நின்றுவிட்டாள். "இளநீர் குடிச்சு எவன்டி செத்தான்? அம்மை போட்டா இளநீர், சூட்டுக்கு இளநீர், சாமிக்கே அதத்தான் ஊத்தறோம். ஒரு இளநீர் வாங்கிக் குடுக்க மனசு வரல, அதுக்கு டாக்டர் சொன்னாருன்னு கதை வேற கட்டுறியா?" என்று வார்டே கேட்கக் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கத்துகிறவர்களிடம் கத்துவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. வராந்தாவில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் பூராவும் அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் தின்றது பன் ஒன்று. காகிதத்தைக் காட்டச் சொல்லி நர்ஸை நச்சரித்தேன். கூம்பு அப்படியேதான் இருந்தது.

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் மாமியார் ஒரு பித்தளைச் சொம்பை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள். வெந்நீர் என்றாள். எனக்கு மூக்கு நல்லா வேலை செய்யும். அவள் கட்டில்மேல் குனிவதற்குள் சொம்பைப் பிடுங்கிவிட்டேன். கொட்டலாம் என்று பார்த்தால் வார்டு நடுவில் எங்கே கொட்டுவது? வைத்தால் திரும்பப் பிடுங்கிவிடுவாள். வேறு வழி தெரியவில்லை. அண்ணாந்து நானே குடித்தேன். கடகடவென்று, தாடையெல்லாம் வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அப்புறம் யாரோ ஒரு கிழவர் சிரித்தார், இன்னொருத்தர் த்தூ என்றார்.

"புருஷன் வாயிலருந்து புடுங்கித் தின்றவள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு மாமியார் வெளியே போய்விட்டாள்.

நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் கண் திறந்திருந்தது. தாடை முதல் நாளைவிடக் கொஞ்சம் இளகியிருந்தது.

"நல்லா இருந்துச்சா?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அந்தத் தொங்கின இமைக்குக் கீழே அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழுக்கை போடல. வெறும் தண்ணி" என்றேன். சொல்லிக்கொண்டே அழுதேன்.

"செவ்வாக்கிழமை..." என்றார். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பத்து மணிக்கு அங்க பஸ்ஸே கெடையாது. பையை வேற புடிச்சிகிட்டு நிப்ப."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் மூட்டைமேல் உட்கார்ந்து போயிருக்கிறார். அந்த லோடுக்கு ஆள் வேண்டாம் என்றாலும் டிரைவரிடம் கெஞ்சி ஏறிக்கொள்வாராம். அதையும் அவரே சொன்னார். ஏன்யா இறங்கல என்று கேட்டேன். நீ ஏன்டி கை காட்டல என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஊட்டுக்கு வந்துடுடி" என்றார்.

அவ்வளவுதான். வாயைத் திறந்து கூப்பிட்டுவிட்டார். என் மாமியார் அங்கே இல்லை, நர்ஸ் அங்கே இல்லை, பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டதற்குச் சாட்சி கிடையாது. அன்றைக்கு எனக்குச் சாட்சி தேவைப்படவும் இல்லை. அவருடைய குதிகாலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பாளம் பாளமாக வெடித்திருந்தது. வலிக்காமல் எப்படித் தொடுவது என்று பார்த்துப் பார்த்துத் தொட்டேன்.

நாலாம் நாள் காலையில் நர்ஸ் காகிதத்தைக் கொண்டுவந்து தானாகவே என்னிடம் காட்டினார். கூம்பு உயரம் குறைந்திருந்தது. இரண்டு அவுன்ஸ் மூத்திரமும் இறங்கியிருந்தது. "இன்னும் தப்பிச்சிட்டாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா தேவலை" என்றார். எனக்கு அந்த நர்ஸைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

அவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாலு நாள் தாடி. "இந்த மூஞ்சியோட உன்ன இட்டுகினு போனா ஊரு சிரிக்கும். ஆள் யாராச்சும் இருந்தா இட்டுகினு வா" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் சவரம் செய்கிறவர் ஒருத்தர் பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நர்ஸிடம் கேட்டேன், சரி என்றார். மாமியார் கட்டில் பக்கத்தில்தான் இருந்தாள். முந்தின நாள் சொம்புச் சண்டைக்கப்புறம் என்னோடு பேசவில்லை. நான் இளநீரைப் பற்றி அவளிடம் இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டும். சொல்லவில்லை. சந்தோஷத்தில் மறந்துபோனேன்.

சவரக்காரருக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு வருகிறேன் என்றார். நான் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வார்டுக்குள் நுழைந்தால் அவர் கட்டிலைச் சுற்றித் துணித் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்புக்குக் கீழே டாக்டரின் செருப்புக் காலும் நர்ஸின் காலும் தெரிந்தன. யாரோ மார்பைக் குத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

சவரக்காரர் பெட்டியோடு என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் விலகின பிறகு, "செய்யட்டுமாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வந்த வேலையை நிதானமாகச் செய்து, முகத்தைத் துடைத்துவிட்டு, காசு வாங்காமல் போனார்.

கட்டிலுக்கு அடியில் பித்தளைச் சொம்பு இருந்தது. நர்ஸ் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

"அதாலதான்னு என்னால சொல்ல முடியாது. அது இல்லாமயும் நின்னிருக்கலாம். இன்னும் அபாயத்துலதான் இருந்தாரு" என்றார். அப்புறம், "அதால இல்லைன்னும் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஏன் குடித்தார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு நாள் தாகம். அதோடு அம்மா கையால் ஊட்டுவதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. என்னிடம் கேட்டுக் கிடைக்காததை அவளிடம் கேட்டே வாங்கினாரோ என்னவோ. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

நான் வார்டுக்குள் போனது கொளஞ்சியம்மாளைக் கிழித்துப்போடுகிற எண்ணத்தோடுதான். என்னென்ன சொல்லவேண்டும் என்று நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. அவள் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரெண்டு இளநீர் வாங்கியாந்தேன். ஒரு சொட்டு விடாம குடிச்சான். போதும்மான்னான். என் புள்ள தொண்டை நனைஞ்சுதான் போச்சு. என் கையால குடிச்சிட்டுத்தான் போச்சு." அதைச் சொல்லும்போது மட்டும் அவளால் மூச்சு விட முடிந்தது. என் வாய் அடைத்துக்கொண்டது. என் வாழ்நாளில் அது முதல் தடவை.

ஊரில் அவள் ஒப்பாரியில் அதுவேதான் வந்தது. தாய் கொடுத்தாள், தாரம் கொடுக்கவில்லை என்று. கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொம்பைப் பிடுங்கிக் குடித்த கதையும் நான் வருவதற்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. ஒருத்தி என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று எழுந்து போனாள். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழுமழுவென்று, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். பதினாறு நாளும் அவள் ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிசைந்து வைப்பாள், எழுந்துவிடுவாள். ஒப்பாரியும் நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நான் என் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, "ஏ அமராவதி, இங்க வா" என்றாள். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"நீ இங்கியே இருந்துடு. அவன்தான் இல்ல. ஊடு இருக்குது, நான் இருக்கிறேன்" என்றாள்.

அந்த வீட்டில் அவருடைய பாய் சுருட்டி வைத்திருந்தது. அவர் சட்டை கொடியில் கிடந்தது. அவர் கூப்பிட்ட வீடு அது. அங்கே இருந்துகொண்டு, அவர் படுத்த இடத்தில் படுத்து, அவர் நடந்த வரப்பில் நடந்து, மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். எனக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"சரி அத்தை" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. நீ இன்னா சொன்னாலும் நான் கோச்சிக்க மாட்டேன். அன்னைக்குச் சொன்னியே, இளநீர் குடிச்சா நெஞ்சு நின்னுடும்னு. அந்த நர்சம்மாவும் என்னமோ சொன்னாங்க. நெசமாவா? ரெண்டு குடுத்தேனேடி நான். போதும்மான்னான். குடிச்சு முடிச்சு கொஞ்ச நேரந்தான்..."

என் முகத்தையே பார்த்தாள். பதினாறு நாளாக அவள் ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அதெல்லாம் இல்ல அத்தை" என்றேன். "அந்த நர்சு தண்ணி ஜாஸ்தி குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நெஞ்சு நின்னுடும்னு நான்தான் சேத்துச் சொன்னேன். ஏழு மாசமா என்னக் கூப்பிட வரலியேன்னு ஒரு ஆங்காரம். கேட்டதும் குடுக்க மனசு வரல."

அவள் என் கையை விட்டுவிட்டாள். முகத்தில் ஒரு நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு பெரிய மூச்சு வந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். "அப்பவே தெரியும்." எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறையில் கம்மல் கழன்று விழுந்தது. "உன்னப் போயி இங்க இருக்கச் சொன்னேனே. போடி. இந்த வாசல மிதிச்சே, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

நான் மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே அவள் திட்டிக்கொண்டே பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தட்டில் சோறு விழுகிற சத்தம். திட்டு நின்று, அவள் சாப்பிட ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கொடியில் அவர் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் அவள் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவாள் என்று கேட்காமலே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.